மூன்று மாதம் முடியும்வரை

ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த பலகையில் எண் நகர்வதாகவே இல்லை. ஒருவழியாகத் தன் எண் வந்ததும் பெய்-ஜு காப்பீட்டு அட்டையை நர்ஸிடம் நீட்டிவிட்டு, டாக்டரின் அறைக்குள் ஏறக்குறைய ஓடினாள்.

முகக்கவசத்துக்கு மேல் டாக்டரின் கண்கள் விரிந்தன. "என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டர். என் பொண்ணைப் பத்திக் கேட்கணும். சின்ன வயசுலேர்ந்து ஆஸ்துமா. இப்ப மாசமா இருக்கா. இன்ஹேலரைத் தொடறதே இல்ல."

டாக்டர் நர்ஸை ஒரு முறை பார்த்துவிட்டு நாற்காலியில் நெளிந்தாள். "அவங்களே உங்ககிட்ட சொன்னாங்களா?"

"எப்படிச் சொல்லுவா? மூணு மாசம் முடியறதுக்குள்ள வெளிய சொன்னா பிள்ளை தங்காதுன்னு நம்ம தைனான் ஊர்ல யார் வாயைத் திறக்கறா? நானும் கேட்கல. ஆனா நாலு படி ஏறினா அவளுக்கு மூச்சு வாங்குது. இன்ஹேலர் அவ அலமாரில துணிக்கு அடியில கெடந்துது. நிறுத்தலாமா, டாக்டர்?"

"கூடாது." டாக்டரின் குரல் இறங்கியது. "அம்மாவுக்கு மூச்சு திணறினா வயித்துல இருக்கற குழந்தைக்கும் காத்து குறையும். மருந்தைவிட அதுதான் ஆபத்து."

"எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லுவீங்களா?"

"ஆமா."

நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட வெளியே போனாள். பெய்-ஜு பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப உனக்கு மட்டும் என்னடி பயம்?"

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினாள். "மத்தவங்களுக்குச் சொல்லிடறேன்மா. என் வயித்துலன்னு வந்ததும் அதை எடுக்கக் கை வரல."

"இழு, நான் பார்க்கணும். மூணு மாசம் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லு. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது."