நாலாம் பக்கத்துப் படம்

“டீச்சர்” என்றாள் நதீரா.

“என்னக் கூப்பிடாம படத்தப் பாத்து வாசி” என்றார் றாஹிலா டீச்சர், பல்லைக் கடித்தபடி சிரித்துக்கொண்டு.

சிரிக்காமல் முடியாது. கடைசி வாங்கில் கல்வி அதிகாரி கனகரெத்தினம் உட்கார்ந்திருந்தார். அவர் இன்று எழுதப்போகும் வரியில்தான் டீச்சரின் மூன்று வருட நியமனம் நிரந்தரமாக வேண்டும்.

நாலாம் பக்கத்தில் சேலை கட்டிய ஒரு பெண். கீழே பெரிய எழுத்தில் ‘அம்மா’.

இந்த ஒரு சொல்லோடு இரண்டு கிழமையாக மல்லுக்கட்டு.

இலவசப் புத்தகம் இந்த வருடம்தான் முதன்முதலாகக் கொழும்பிலிருந்து வந்தது. வந்தது சரி, மருதமுனைப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டா வந்தது? புத்தகத்தில் அம்மா, வீட்டில் உம்மா. படத்தைக் கண்டதும் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ‘உம்மா’ என்றுதான் கத்தும்.

அம்மா என்றாலும் உம்மா என்றாலும் ஒரே ஆள்தான் என்று சொல்லிச் சொல்லி டீச்சருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அதையும் அடுத்த வளவுத் தறிச் சத்தத்தை மிஞ்சிக் கத்தவேண்டும்.

முதலாம் வகுப்பு என்றால் சும்மாவா. ஒருவன் வெண்கட்டியைத் தின்பான். ஒருத்தி பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தானே அழுவாள். நூஹு இன்று காலையிலும் காற்சட்டையோடு ஒன்றுக்குப் போய்விட்டான்.

அந்த நூஹுவே சற்று முன்னர் ‘அம்மா’ என்று தடக்காமல் வாசித்தான். அதிகாரி மட்டும் இல்லாவிட்டால் டீச்சர் அவனைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார்.

அந்தத் தைரியத்தில்தான் நதீராவை எழுப்பினார். எழுத்தெல்லாம் தெரிந்தவள். நேற்று மாலைகூட இதே பக்கத்தை மளமளவென்று வாசித்தவள்.

“வாசி நதீரா.”

மற்றவர்களை மகன், மகள் என்று அழைக்கும் டீச்சர் இவளை மட்டும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்.

நதீரா படத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மறுபடியும் “டீச்சர்” என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அதிகாரி எழுந்து கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தி, “இந்தப் பிள்ளைட தாயக் கூப்பிட்டு ஒருக்காக் கதைங்க டீச்சர்” என்றார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் என்னவோ எழுதினார்.

“ஓம் சேர்” என்ற டீச்சருக்குக் காது மடல் கொதித்தது.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் ஓய்ந்ததும் டீச்சர் அடிமட்டத்தை எடுத்தார். நதீராவின் உள்ளங்கையில் இரண்டு அடி. எந்தப் பிள்ளைக்கும் ஒன்றுக்கு மேல் போடாதவர்.

நதீரா அழவில்லை. அதுவும் டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஓடின. டீச்சர் குடையை விரித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

நதீரா பின்னால் ஓடி வந்தாள். பள்ளிக்கூட வாசல் படலையைத் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. தாண்டியதும் குடைக்குள் நுழைந்து, சிவந்த கையால் டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

“படலைக்கு வெளிய வந்திட்டம்தானே. இப்ப வாசிக்கலாமா?”

“ஏன், உள்ளுக்க வாசிச்சா என்ன?”

“அம்மா எண்டாலும் உம்மா எண்டாலும் ஒரே ஆள்தான் எண்டு நீங்கதானே சொன்ன. இஸ்கூலுக்குள்ள உங்கள டீச்சர் எண்டுதான் சொல்லணும் எண்டும் நீங்கதானே சொன்ன, உம்மா.”