ஆறாவது புகார்

“பிஸ்கட் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுத ஒரு ஆளே அதிகம். இதுல கேட்ல இருந்து ஆறு நாளா தினமும் புகார். இன்னைக்குச் சரியாகலன்னா வெளி ஆளுங்ககிட்ட கொடுத்துடுவேன்,” என்றார் மேனேஜர்.

அவள் விடுவிடுவென்று படியிறங்கினாள். லாரிகளைப் பதிவு செய்யும் அந்தப் புரோகிராமை மூன்று மாதம் தனியாளாக உட்கார்ந்து எழுதியவள் அவள்.

கேட் அறையில் காவலாளி எழுந்து நின்றார்.

“உட்காருங்க. என்ன பிரச்சினை?”

“வண்டி நம்பர் ஏறவே மாட்டேங்குது மேடம்.”

அவள் அடித்துப் பார்த்தாள். உடனே ஏறியது. நேற்றும் இப்படித்தான் ஏறியது, முந்தாநாளும்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க புகார் என் வேலைக்கே உலை வைக்குது, தெரியுமா?”

அவர் முகம் வெளிறியது.

“சத்தியமா தெரியாது. நீங்க கீழ வந்தா போதும்னுதான்...”

“நான் எதுக்கு வரணும்?”

வெளியே காத்திருந்த டிரைவர்களைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“இதை எழுதினது என் பொண்ணுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. நேர்ல காட்டலாம்னா, நீ வந்து நின்னதும் எனக்கு வாயில மேடம்னுதான் வருது.”

அவள் கதவை அகலத் திறந்தாள்.

“எவன் நம்பல? கூப்பிடுங்கப்பா.”