வரைபடத்தில் ஒரு வட்டம்

"ஆளே வராத கடற்கரையாச் சொல்லும்மா. ஒரு பக்க மார்பை எடுத்துட்டாங்க, யாரும் பாக்கக்கூடாது."

ஜெர்மனியிலிருந்து அந்த ஸ்பானியத் தீவுக்கு ஆண்டுதோறும் வந்து உடையின்றி நீந்துபவள் ரெனாட்டே. வாடகைக் கார்க் கடைக்காரி கந்தலேரியா, கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு வரைபடத்தில் வட்டம் போட்டாள்.

போனால், அங்கே உடையில்லாமல் நூறு பேர்.

"சிலுவைக்காரி ஏமாத்திட்டா. காரைத் திருப்புங்க, நேர்ல கேக்குறேன்."

"மத்தியானம் கடை மூடியிருக்குமே. இந்நேரம் தூங்கிட்டிருப்பா" என்றார் கணவர்.

அலையிலிருந்து ஒருத்தி கையசைத்தபடி ஏறி வந்தாள். உடம்பில் அந்தச் சிலுவை மட்டுமே இருந்தது; இடது மார்பு இல்லை.

"நானும் ஆளில்லாத இடமாத்தான் தேடினேன், அக்கா. தனியா அழுததுதான் மிச்சம். இங்க யாராவது என்னைப் பாக்குறாங்களா, சொல்லுங்க."

ரெனாட்டே சட்டைப் பொத்தானில் கைவைத்தாள்.