எட்டு மாத வரிசை

அந்நிய நாட்டில் தோல் மருத்துவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அங்கே குடியேறிய பொறியாளரோ தம் கன்னத்து மருவைக் கண்டு உலகமே கவிழ்ந்தாற்போலப் புலம்பினார். மனைவி மூன்றே நாளில் நேரம் வாங்கித் தந்தாள்.

மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, மருவைச் சீவி எடுத்தார்.

“வெறும் மருதான். பயப்பட ஒண்ணுமில்லை.”

கட்டிலடியில் கிடந்த கணவரின் காலணியை எடுக்க மனைவி குனிந்தாள். அவளுடைய பிடரியில் கறுத்துத் தடித்திருந்த மச்சத்தில் மருத்துவரின் பார்வை நின்றது.

“இது எத்தனை நாளா வளருது? உடனே எடுத்துச் சோதிக்கணுமே!”

“ஒரு வருஷமாச்சு, டாக்டர்.”

“அறிவிருக்கா உனக்கு? காலாகாலத்துல நேரம் வாங்கறதுக்கென்ன?” என்று பொறியாளர் சீறினார்.

“வாங்கினேங்க. எட்டு மாசம் காத்திருந்து கிடைச்ச நாள் இதுதான். நீங்க பயந்தீங்களேன்னு உங்க பேருக்கு மாத்திட்டேன்.”

பொறியாளர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். உணர்வே இல்லை.