அம்மாவுக்கு ஒன்றுமில்லை

“நேத்து கேஸைத் திறந்துட்டு, பத்த வைக்க மறந்துட்டாங்க டாக்டர். எங்கம்மாவுக்கு நீங்கதான் ஏதாவது செய்யணும்,” என்றாள் மகள்.

நாற்பது வருஷம் மேடையையும் திரையையும் கட்டி ஆண்ட அம்மா, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு என்ன தேதிம்மா?”

டாக்டருக்குப் பின்னால் தொங்கிய காலண்டரை ஓரக்கண்ணால் பார்த்துப் பட்டென்று சொன்னார். மகள் கவனித்தாள். டாக்டர் கவனிக்கவில்லை.

“வயசு?”

“நடிகைகிட்ட கேக்குற கேள்வியா இது?”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, பக்கத்துல யாரு?”

“பெத்தவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா?” என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

செல்ஃபி எடுத்துக்கொண்ட டாக்டர், “அம்மா கல்லு மாதிரி இருக்காங்க. உங்களுக்குத்தான் ரெஸ்ட் வேணும்,” என்றார்.

“ஐயோ, வீட்ல இப்படி இல்ல டாக்டர்!”

பாவம், அவள் பேச்சு அங்கே விலைபோகவில்லை. கண் கலங்கியதுதான் மிச்சம். டாக்டர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“சீன் நல்லா வந்துச்சு. டாக்டரா நடிச்சவர் கொஞ்சம் ஓவர். மகளா வந்த நீதான் பிரமாதம், கண்ணுல நெஜத் தண்ணியே வந்துச்சே! உன் பேரு என்னம்மா?”