சீனியரிடம் ஒரு வார்த்தை

“பாட்டி வைத்தியமே வேண்டாம்னு நேரா உங்ககிட்ட வந்துட்டோம் டாக்டர். கிளம்பறப்போகூட இவரோட அம்மா வாசல்ல நின்னு என்னமோ கத்தினாங்க. நான் கார் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டேன்” என்றாள் இளம் தாய்.

அவள் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா காது, தொண்டை, வயிறு எல்லாம் பார்த்துவிட்டார். எதிலும் கோளாறு இல்லை.

“இருங்க, என் சீனியரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று போனை எடுத்தார். “ஜுரம் இல்லை... வயிறும் மெத்துன்னுதான் இருக்கு... அட, அதைப் பார்க்கலையே!”

போனை வைத்துவிட்டுக் குழந்தையின் சாக்ஸைக் கழற்றினார். சுண்டுவிரலில் ஒரு தலைமுடி இறுகச் சுற்றி, விரல் சிவந்து வீங்கியிருந்தது. முடியை வெட்டி எடுத்ததும் அழுகை அடங்கியது. குழந்தை ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

“சீனியர்னா சீனியர்தான்! அவங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?”

“எங்க வீட்டு அடுப்படி. என் மாமியார். நாலு பேரப்பிள்ளைங்களை வளர்த்த சர்வீஸ்!”

தாய் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். “அத்தைக்குப் போன் போடுங்க.”

போட்டதும் ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

“தொண்டை கிழியக் கத்தினேனேடா, சாக்ஸைக் கழட்டிப் பார்த்தீங்களா, இல்லையா?”