ஸ்டார்ட் ஆகாத பஸ்

“பொம்மை மாதிரி உக்காந்திருந்தா வண்டி கிளம்பிடுமா? எல்லையில நாலு மணிக்குக் கதவை மூடிடுவாங்க!”

டிரைவர் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை வீறிட்டது.

பஸ்ஸுக்குள் நாற்பது பேர். சண்டைக்குப் பயந்து, வீடு வாசலை விட்டு ஓடி வந்தவர்கள். தண்ணீர் குடிக்க நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. மணி மூன்றரை.

அவர்களுக்குத் துணையாக வந்த பெண் மனநல ஆலோசகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மெதுவாப் பேசுங்க. ஏற்கெனவே நொந்து போனவங்க.”

டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகக் கடைசி சீட்டுக்குப் போனார்.

“நீங்க மெக்கானிக்காமே? காலையில உங்க சம்சாரம் சொன்னாங்க. கொஞ்சம் இறங்கி வாங்க.”

அந்த மனிதர் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தார். குண்டு விழுந்து ஒர்க்‌ஷாப்போடு தம்பியும் போனதிலிருந்து, பதினோரு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலோசகரும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ம்ஹூம்.

“அவரை விடுங்க!” ஆலோசகர் குறுக்கே வந்து நின்றாள். “வற்புறுத்தினா இன்னும் உடைஞ்சு போயிடுவார்.”

“அப்ப நானே பார்த்துக்கறேன்.”

டிரைவர் பெரிய சுத்தியலோடு இறங்கினார். இன்ஜினில் ணங், ணங் என்று போட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு அடிக்கும் அந்த மனிதரின் தோள் துடித்தது. மனைவி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு எழுந்தார்.

“யோவ்! சுத்தியலைக் கீழ வைய்யா!”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

அவர் இறங்கிப் போய், டிரைவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தார்.

“பேட்டரி ஒயர் கழண்டு கிடக்கு. இதுகூடத் தெரியாம வண்டி ஓட்ட வந்துட்டே!”

திட்டிக்கொண்டே மாட்டினார். வண்டி உறுமியது. திரும்ப வந்து உட்கார்ந்தவர் மனைவியிடம் தண்ணீர் கேட்டார். அப்புறம் தம்பி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். வழி நெடுக அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

எல்லையில் இறங்கியதும் ஆலோசகர் பலகையைப் பார்த்தாள். கதவு மூடும் நேரம், மாலை ஆறு மணி.

“நாலு மணின்னு பொய் சொல்லி இத்தனை பேரையும் பதற வெச்சீங்களே! உங்க மேல புகார் எழுதத்தான் போறேன்.”

“எழுதுங்க மேடம்” என்றார் டிரைவர், கைக் கரியைத் துடைத்தபடி. “அந்த ஒயரைக் கழட்டி விட்டதும் நான்தான், அதையும் சேர்த்துக்குங்க. அவர் காதுக்கு மட்டும் போக வேண்டாம்.”